தூக்குவாளியில் என்ன இருக்கிறது?

விடியும் முன்பே கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்கள் கிளம்பிவிடுகின்றன. இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் வீடு திரும்ப அந்தி சாய்ந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை நடப்பதோ பகலில்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் 44.4. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகமும் இலவச இரும்புச்சத்து மாத்திரையும் இருந்துமா இந்த நிலை?

மாத்திரை கைக்கு வருகிறது. வயிற்றுக்குப் போவதில்தான் சிக்கல். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பது இயல்புதான் என்று யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு சேர உதவும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ள வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நம்பினால் ஏமாற்றமே: 100 கிராம் திராட்சையில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கறிக்கடையில் பாட்டிமார் கேட்டு வாங்கும் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), நன்றாக வேகவைத்தால், எவ்வளவோ மேல். கறி தின்னாதவர்களுக்கு முருங்கைக்கீரையும் தட்டாம்பயறும் இருக்கின்றன.

ஆலோசனையை மாலையில் ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கே கொண்டுபோகலாம். கர்ப்பிணியின் அட்டையில் ஹீமோகுளோபின் அளவை எழுதும் செவிலியர், அன்று அந்தப் பெண் தூக்குவாளியில் என்ன கொண்டுபோனாள் என்றும் கேட்கலாம்.