படிக்கப் படிக்க பேஷன்ட்டை விட்டுத் தூரமாப் போற படிப்பு

ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் நம்ம ஏரியாவுல ஒரு சீசன் ஆரம்பிக்கும். நான் பொட்டி தட்டுற வேலையில இருக்கேன்ங்கற ஒரே தகுதியை வச்சு, சேலையூர்ல இருந்து மேடவாக்கம் வரைக்கும் தெரிஞ்சவங்க எல்லாம் போன் பண்ணி, "தம்பி, பொண்ணை எதுல சேர்க்கலாம்?"னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் சயின்சுக்கு கட் ஆஃப் பத்தலைன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "அப்ப நர்சிங்ல போட்டுடலாமா? வெளிநாட்டுல நல்ல டிமாண்டாமே?"

இந்த "போட்டுடலாமா"ங்கற வார்த்தைதான் எனக்கு இடிக்குது. என்னமோ பரண் மேல பழைய சாமானைப் போடற மாதிரி. அதனால நம்ம ஊர் நர்சிங் படிப்பைப் பத்தி ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு சின்ன ஊர்ப் பெருமை. தாம்பரம் சானடோரியம்னு தினமும் லோக்கல் ட்ரெயின்ல அறிவிப்பு கேக்கறோம். அந்தப் பேரே ஒரு ஆஸ்பத்திரியால வந்தது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காக ஆரம்பித்த சானடோரியம் அது. 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்னைக்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். அதுக்கு முன்னாடி காசநோயைக் கொல்ற மாத்திரை கிடையாது. நல்ல காத்து, ஓய்வு, சாப்பாடு, கவனிப்பு, இவ்வளவுதான் அன்னைக்குப் பெரும்பாலும் வைத்தியம். யோசிச்சுப் பார்த்தா இதுல பாதிக்கு மேல நர்சிங்தான்!

மாத்திரை வந்த பிறகும் கதை மாறலை. 1956-ல் சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை வீட்டிலேயும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. உலகம் முழுக்க காசநோய் வைத்தியத்தையே மாத்தின ஆராய்ச்சி இது. வீட்டில் வச்சு மருந்து கொடுக்கறதுன்னா சும்மா மாத்திரையை நீட்டிட்டு வர்றது இல்லை. திடீர்னு வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்க்கணும், மருந்து உள்ளே போச்சான்னு சிறுநீரை டெஸ்ட் பண்ணணும், குடும்பத்துக்கிட்ட பேசிப் புரிய வைக்கணும். இன்னைக்கு பி.எஸ்சி நர்சிங்ல சமுதாய நலச் செவிலியம்னு ஒரு பாடமா இருக்கறது இந்த மாதிரி வேலைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நர்சிங்ல டிகிரிங்கறது நேத்து வந்த ஃபேஷன் இல்லை. வேலூர் சி.எம்.சி-யில் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பயிற்சியை ஆரம்பிச்சுட்டாங்க. 1946-ல் அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பு வந்தது. அதே வருஷம் டெல்லியிலும் ஒரு கல்லூரி. நாட்டுலயே முதல் நர்சிங் டிகிரி இந்த ரெண்டு இடத்துலதான். அதே 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை நாட்டுல 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்னு கணக்குச் சொன்னது. டாக்டரை விட நர்ஸ் அரிதா இருந்த காலம் அது.

இன்னைக்கு நம்ம பக்கமே எத்தனை கல்லூரி பாருங்க. காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம், குரோம்பேட்டை, போரூர்னு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோட நர்சிங் கல்லூரிகள். அவங்க தேர்வை அவங்களே நடத்திக்கறாங்க. மத்த கல்லூரிகளுக்குக் கிண்டியில இருக்கற டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். பி.எஸ்சி 4 வருஷம். 2021-ல் வந்த புதுப் பாடத்திட்டப்படி 8 செமஸ்டர், கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். மேல எம்.எஸ்சி 2 வருஷம், அதுல 5 பிரிவு. மருத்துவ-அறுவைச் சிகிச்சை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம்.

"ஊசி போடவும் பெட்ஷீட் மாத்தவும் எதுக்குங்க டிகிரி?"னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. ஐ.சி.யூ-வுல பி.பி. இறங்கிப்போன ஒருத்தருக்கு டாக்டர் டோபமைன் எழுதறார். உடல் எடையில ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ. சிரிஞ்சுல மொத்தம் 50 மில்லி, அதுல 200 மில்லிகிராம் மருந்து. பம்புல மணிக்கு எத்தனை மில்லின்னு செட் பண்ணுவீங்க? நிமிஷத்துக்கு 300 மைக்ரோகிராம், அப்படின்னா மணிக்கு 18 மில்லிகிராம். ஒரு மில்லியில 4 மில்லிகிராம் இருக்கு. ஆக, விடை 4.5 மில்லி. புள்ளியை விட்டுட்டு 45-ன்னு அடிச்சா? நம்ம வேலையில தப்பா ரிலீஸ் பண்ணினதை ராத்திரியோட ராத்திரியா பழைய வெர்ஷனுக்கு மாத்திடலாம். அங்கே அது நடக்காது.

கணக்கு மட்டும் இல்லை. பக்கவாதம்னு டாக்டர் கண்டுபிடிச்சதும் அவர் வேலை ஒரு திசையில போகும். நர்ஸ் அங்கே வேற பட்டியல் போடணும். இவருக்கு முழுங்க முடியுதா, சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுமா, முதுகுல படுக்கைப்புண் வருமா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் யார் புரட்டி விடறது, வீட்டுக்குப் போனா யார் பார்த்துப்பாங்க. மதிப்பிடு, பிரச்சினையைக் கண்டுபிடி, திட்டம் போடு, செய், சரியாச்சான்னு திரும்பப் பார். இந்த 5 படியை முதல் வருஷத்துலேயே சொல்லிக் கொடுத்துடறாங்க. நாங்க டீபக் பண்றதுன்னு பெருமையா சொல்லிக்கறது ஏறக்குறைய இதுதான். :-)

இதுக்கு ஆதாரமும் இருக்கு. லிண்டா எய்கன் குழுவினர் ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 மருத்துவமனைகள், 4 லட்சத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சை நோயாளிகளோட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் லான்செட் இதழில் எழுதினாங்க. மருத்துவமனையில் டிகிரி படித்த செவிலியர் பங்கு 10 சதவீதம் கூடினா, 30 நாளுக்குள்ள நோயாளி இறக்கற வாய்ப்பு 7 சதவீதம் குறையுது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினா அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறுது. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லிட முடியாது, ரெண்டும் சேர்ந்து போகுதுன்னுதான் சொல்ல முடியும். ஆனா நர்சோட படிப்பு வெறும் அலங்காரம் இல்லைங்கறதுக்கு இது போதும்.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். இவ்வளவு படிச்சவங்களை வார்டுல நாம என்ன பண்றோம்?

தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு 3 வருஷ டிப்ளமா படிச்சவங்களும் 4 வருஷ டிகிரி படிச்சவங்களும் ஒரே செவிலியர் பணிக்குத்தான் போட்டி போடறாங்க. சம்பளமும் ஒண்ணுதான். டிப்ளமா படிச்சவங்களைக் குறைச்சுச் சொல்லலை. வார்டைத் தாங்கிப் பிடிக்கற பல பேர் அவங்கதான். நான் கேக்கறது, படிப்புக்கேத்த பொறுப்பு எங்கேங்கறதுதான். 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஒப்பந்தத்துல வேலைக்கு வந்த செவிலியர்களுக்கு மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பர்ல டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க உட்கார்ந்து போராடினது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் தொகை ஏறினது வேற விஷயம். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, தனியார் மருத்துவமனை நர்சுக்குக் குறைஞ்சது 20,000 ரூபாய், 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம்னு பரிந்துரை பண்ணுச்சு. நல்ல பரிந்துரைதான். ஆனா அதுலயும் அளவுகோல் படுக்கை எண்ணிக்கைதான்.

எம்.எஸ்சி கதை இன்னும் விசித்திரம். எங்க பெரியம்மா பொண்ணு, நான் அக்கான்னு கூப்பிடறவங்க, மருத்துவ-அறுவைச் சிகிச்சைப் பிரிவுல எம்.எஸ்சி. இதய நோயாளிகளைப் பார்க்கறதுல தனிப் பயிற்சி எடுத்தவங்க. படிப்பை முடிச்சுட்டு ஒரு பெரிய மருத்துவமனையில ஐ.சி.யூ-வுக்கே திரும்பப் போறேன்னு கேட்டாங்க. "தாராளமா வாங்க, ஆனா ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட்தான். எம்.எஸ்சி-க்குன்னு எங்ககிட்ட தனியா எதுவும் இல்லை. நீங்க ஏன் காலேஜ்ல டீச்சிங் ட்ரை பண்ணக்கூடாது?"னு பதில். இப்ப அக்கா ஒரு கல்லூரியில பாடம் எடுக்கறாங்க. பசங்க உயிரை விடறாங்க, அவ்வளவு நல்ல டீச்சர். ஆனா மாரடைப்பு வந்து படுத்திருக்கறவர் பக்கத்துல அவங்க நின்னு வருஷம் பல ஆச்சு.

இது ஒருத்தரோட கதை இல்லை. கல்லூரிகள் பெருகப் பெருக பாடம் எடுக்க எம்.எஸ்சி முடிச்சவங்க வேணும். ஆஸ்பத்திரியிலயோ ஏணி வேற மாதிரி. ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் பொறுப்பு நர்ஸ், அப்புறம் கண்காணிப்பாளர். மேல ஏற ஏற ட்யூட்டி லிஸ்ட், ஸ்டாக் ரெஜிஸ்டர், மீட்டிங். ஒண்ணு கிளாஸ் ரூம், இல்லைன்னா ஃபைல். நர்சிங்ல ஒருத்தர் கெட்டிக்காரர் ஆனதும் நாம அவரை நோயாளிகிட்ட இருந்து பிரிச்சுடறோம்!

ஐ.டி.யிலும் ஒரு காலத்துல இதே கூத்துதான். நல்லா கோட் எழுதினா மேனேஜர் ஆக்கி எக்செல் ஷீட்டைக் கையில கொடுத்துடுவாங்க. அப்புறம் பல கம்பெனிகள் டெக்னிக்கல் ட்ராக்னு தனியா ஒண்ணு வச்சாங்க. ஆர்க்கிடெக்ட் ஆகலாம், மேனேஜருக்குச் சமமா சம்பளம் வாங்கலாம், கடைசி வரைக்கும் கோட்லேயே இருக்கலாம். ஒரு வெப்சைட்டுக்கே இந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்கு. ஐ.சி.யூ-வுக்குத் தேவைப்படாதா?

மத்த ஊர்ல இது புதுசு இல்லை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965-லேயே லொரெட்டா ஃபோர்டுங்கற செவிலியரும் ஹென்றி சில்வர்ங்கற டாக்டரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியை ஆரம்பிச்சுட்டாங்க. மேற்படிப்பு படிச்ச நர்ஸ், கூடுதல் அதிகாரத்தோட நோயாளியையே பார்க்கறது. நம்ம இந்திய நர்சிங் கவுன்சிலும் தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர்னு 2 வருஷ முதுநிலைப் படிப்பு கொண்டு வந்திருக்கு. வார்டுல வேலை பார்த்துக்கிட்டே படிக்கற முறை. நல்ல விஷயம். ஆனா படிப்பு மட்டும் வந்தா பத்தாது. அந்தப் பேர்ல போஸ்ட், சம்பள விகிதம், எதை அவங்களே முடிவு பண்ணலாம்ங்கற அதிகாரம், மூணும் ஆஸ்பத்திரியில வரணும். 1947-ம் வருஷத்து நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலா 2023-ல் புதுசா தேசிய ஆணையச் சட்டம் போட்டிருக்காங்க. பதிவு, அங்கீகாரம் எல்லாம் சரி. இந்த ஏணியையும் அதுல கட்டினாத்தான் அந்தச் சட்டத்துக்கு அர்த்தம்.

இன்னொரு வழி நம்ம பக்கத்துலேயே இருக்கு. வேலூர் சி.எம்.சி-யில கல்லூரியையும் வார்டையும் பிரிக்காம, பாடம் எடுக்கறவங்களே நோயாளிகள் பொறுப்பையும் பார்க்கற முறை இருக்கு. காலையில வார்டுல பார்த்ததை மதியம் வகுப்புல சொல்ல முடியும். சொந்தமா ஆஸ்பத்திரி வச்சிருக்கற நம்ம தென்சென்னைப் பல்கலைக்கழகங்கள் இதைச் செய்ய நாசாவா வரணும்? ஒரே காம்பவுண்டுக்குள்ள இந்தக் கட்டடத்துல இருந்து அந்தக் கட்டடத்துக்குப் போகணும், அவ்வளவுதான்.

"செலவு ஏறும், பில்லுல அதையும் சேர்ப்பான்"னு நீங்க சொல்றது கேக்குது. நியாயமான பயம். ஆனா ஒரு படுக்கைப்புண்ணோ தையல் போட்ட இடத்துல ஒரு இன்ஃபெக்ஷனோ வந்தா எத்தனை நாள் கூடுதலா படுக்கணும்னு கணக்குப் போடுங்க. அந்த நாட்களுக்கும் பில் நம்ம தலையிலதான். "எப்படியும் எல்லாரும் ஃபாரின் போயிடுவாங்க"ங்கறது அடுத்த வாதம். போகத்தான் செய்வாங்க. இங்கே ஏணி இல்லைன்னா ஏணி இருக்கற ஊருக்குப் போறது தப்பா? நாங்க ஆன்சைட் போனா மட்டும் தெருவே பெருமைப்படுது!

கடைசியா, எனக்கு போன் பண்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பொண்ணோ பையனோ, நர்சிங்ல சேருங்க. ஆனா "போட்டுடாதீங்க". கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில, அங்கே நிஜமாவே எத்தனை படுக்கையில ஆள் இருக்குன்னு கேளுங்க. அப்புறம் இந்தக் கேள்வியைக் கண்டிப்பா கேளுங்க. "பாடம் எடுக்கற மேடம் கடைசியா எப்ப ஒரு பேஷன்ட்டைப் பார்த்தாங்க?" பதில் வர்ற வேகத்தை வச்சே கல்லூரியை எடை போட்டுடலாம்.

டிஸ்கி: வார்டுல வேலை பார்க்கற செவிலியர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க ஆஸ்பத்திரியில எம்.எஸ்சி படிச்சவங்களுக்கு என்ன வேலை கொடுக்கறாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், விஷயம் போதும். நைட் ட்யூட்டி முடிச்சுட்டு தூங்கி எழுந்து எழுதினாலும் சரி. :-)