அந்த ஐந்தாவது விரல்

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குக் காவல் நாய் கொண்டுவருகிறவர் சொன்னார்: “குட்டியிலேயே நறுக்கிடணும் தம்பி. வேலை செய்யுற நாய், எதுலயாவது மாட்டிக் கிழியும்.” அவர் சொன்னது முன்னங்காலின் உட்புறம், மற்ற விரல்களுக்கு மேலே தனியாக நிற்கும் கட்டைவிரலை. கண் திறக்காத குட்டிக்கு அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார்கள்.

வெறும் தொங்குசதை என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். அதில் எலும்பு இருக்கிறது, தசைநாண் இருக்கிறது. நாய் பாய்ந்தோடித் திரும்பும்போது மூட்டு தாழ்ந்து, அந்த விரல் தரையைப் பிடிக்கிறது. அதிகம் ஓடுவது வேலைநாய்தானே? அதனிடமிருந்தா பறிப்பது?

பின்னங்கால் வேறு கதை. அங்கே சில நாய்களுக்கு அது தோலில் மட்டும் ஆடும்; தொந்தரவு என்றால் மருத்துவர் மயக்கம் கொடுத்து எடுக்கட்டும். (பிரான்சின் போஸ்ரோன் மேய்ப்பு நாய்க்கோ பின்னங்காலில் இரட்டை விரல் இல்லாவிட்டால் கண்காட்சியில் தகுதியே கிடையாது!)

கிழியும் என்பது பொய்யில்லை. தரையில் உரசாத நகம் தேயாமல் வளைந்து வளரும், அதுதான் மாட்டும். அவ்வப்போது வெட்டிவிட்டால் போதும். 2015 விலங்குநலச் சட்டத்தில் கொடுமைக்கு 100,000 ரிங்கிட்வரை அபராதம் என்றேன். அவர் அசரவில்லை. “இருபது நாய்க்கு நகம் வெட்ட யாரு கூலி தர்றது?”

எங்கள் தொழிற்சாலைதான் தரணும். கேட்டுப் பார்த்தீங்களா அண்ணே?