கீழூரில் விழுந்த எட்டு ஓட்டு

ஜூலை பிறந்தால் எங்கள் புதுச்சேரியில் ஒரு வழக்கு தவறாமல் எழும். 13-ஆம் தேதி பொழுது சாய்ந்ததும் ஒயிட் டவுன் தெருக்களில் காகித விளக்குகளை ஏந்திக்கொண்டு ஓர் ஊர்வலம் போகும். மறுநாள் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் முன் மலர் வளையம் வைப்பார்கள். இந்திய, பிரெஞ்சு கீதங்கள் இரண்டும் ஒலிக்கும். சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர்கள், மார்பில் பதக்கங்களோடு விறைப்பாக நிற்பார்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வரும்போதே கேள்வியும் கூட வந்துவிடும்: "நம்மை ஆண்டவனுக்கு இன்னும் என்ன சலாம்? இவங்களுக்கெல்லாம் தேசப்பற்றே கிடையாதா?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் சிலருக்குக் கொடிவணக்கம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அரசுப் பள்ளிகளில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் பல வாரம் முன்பே விசிலும் கையுமாக மைதானத்தில் நிற்பேன். கொடியை எந்த முடிச்சில் கட்டினால் ஒரே இழுப்பில் பூச்சொரிந்து விரியும் என்று இன்றைக்கும் கை சொல்லும். ஆகவே கொடியும் வேண்டாம் கொண்டாட்டமும் வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை. ஆனால் கொடியின் முன்னால் நிற்கும் ஒருவரைப் பார்த்து, இவர் மனசுக்குள் எவ்வளவு பற்று இருக்கிறது என்று தராசு தூக்குகிறோமே, அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் எங்கள் நாள்காட்டியைப் பாருங்கள். ஜூலை 14 பிரெஞ்சுக்காரர்களுடைய தேசிய நாள். அதே மாதம் 30-ஆம் தேதி, 1936-இல் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேரை பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி சாய்த்த நாள். செங்கொடிச் சங்கத்தார் அன்று அஞ்சலி செலுத்துவார்கள். ஆகஸ்ட் 15 நாடு முழுவதற்கும் பொது. எங்களுக்கு அது அரவிந்தர் பிறந்த நாளும் என்பதால் ஆசிரம வாசலில் விடியும் முன்னே வரிசை நிற்கும். மறுநாள் 16-ஆம் தேதி கீழூர் நிகழ்ச்சி, அதைப் பிறகு சொல்கிறேன். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். நவம்பர் 11, முதல் உலகப் போர் ஓய்ந்த நாளென்று மறுபடியும் கடற்கரை நினைவுச் சின்னம். மாஹே, ஏனாம்காரர்களைக் கேட்டால் இன்னும் இரண்டு தேதி சொல்வார்கள். 1954 ஜூன், ஜூலையிலேயே பிரெஞ்சு நிர்வாகத்தை அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்.

இத்தனை தேதி எப்படிச் சேர்ந்தது? 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் மூவண்ணக் கொடி ஏறியபோது இங்கே ஏறவில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் பிரெஞ்சு அரசு நிர்வாகத்தை இந்தியாவின் பிரதிநிதி கேவல் சிங்கிடம் ஒப்படைத்தது. அதுவும் நிர்வாகத்தை மட்டும். ஊரைச் சட்டப்படி விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடப்புக்கு வந்தது. அதாவது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், ஊரை நடத்தியது இந்தியா, ஏட்டில் ஊர் பிரான்சுடையது. இதைப் பாடம் நடத்தும் சரித்திர டீச்சர்களுக்கே தலை சுற்றும். நவம்பர் 1-ஐ விடுதலை நாள் என்று அரசு கொண்டாடத் தொடங்கியதே 2014-இல்தான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. இந்த மண்ணில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆகிவிடுவார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். என் பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. குருசுக்குப்பத்தில் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக் குடிமக்கள் ஆனது அப்படித்தான். அந்த வீட்டில் இது பெரிய விஷயமாகப் பேசப்பட்டதே இல்லை. பாகப்பிரிவினையில் மாமரம் யாருக்கு என்பதில்தான் சண்டை.

பெரியப்பா இந்தோசீனப் போருக்குப் போய்த் திரும்பியவர். ஜூலை 13 இரவு திண்ணையில் உட்கார்ந்து பதக்கங்களை பிராசோ போட்டுத் துடைப்பார். கறுத்த துணி அவர் கையில், டப்பாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை. மறுநாள் அந்தப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டு. காலருக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொள்வார். வீடு திரும்புகையில் அதைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கோட்டைக் கொடிக்கயிற்றில் போட்டுவிட்டு, கைலிக்கு மாறி, பழைய சோறும் கருவாடும் கேட்பார். இதே மனிதர் அடுத்த மாதம் தெருமுனைப் பள்ளியில் கொடி ஏற்றும்போது வாசலில் எழுந்து நிற்பார். யாரும் நிற்கச் சொன்னதில்லை.

அப்பாவுக்கு பிரெஞ்சுக்காரர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. மில் தொழிலாளி, 1936-ஐ வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர். ஆனால் அண்ணனை யாராவது குத்திக்காட்டினால் சும்மா விடமாட்டார். "அந்தச் சம்பளத்துலதான் பாப்பா, உங்க ரெண்டு அத்தைங்களுக்கும் கல்யாணம் ஆச்சு. உப்பிட்டவரை நெனைக்கறது தப்பா?" என்பார். அவருடைய அரசியல் ஒரு பக்கம், அண்ணன் நின்ற வரிசை ஒரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அளவு அவருக்கு விவரம் இருந்தது. படித்த நமக்கு அது ஏன் வரமாட்டேன் என்கிறது?

இதைச் சொன்னால் பிரெஞ்சு ஆட்சிக்கு நான் பூச்சூட்டுவதாக எண்ண வேண்டாம். பாரதி 1908-இல் இங்கே வந்து பத்து ஆண்டு இருந்ததும், வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் இங்கே பிழைத்துக் கிடந்ததும் பிரிட்டிஷ் போலீஸ் கை நீளாத எல்லை இது என்பதால். அந்தக் கொடி அவர்களுக்கு நிழல் தந்தது உண்மை. மில் வாசலில் கூலியும் சங்க உரிமையும் கேட்டவர்களைச் சுட்டதும் அதே கொடிதான். எனக்கு விளக்கு ஊர்வலத்தில் போய் நிற்கத் தோன்றாது. நிற்கிறவரைத் தடுக்கவும் தோன்றாது.

பெரியப்பாவின் பேத்தி பாரிஸில் படித்து இப்போது லண்டனில் நர்ஸாக இருக்கிறாள். போன முறை ஊருக்கு வந்தபோது ஆகஸ்ட் மாதம். தெரு முழுக்க மொட்டை மாடிகளில் கொடி. "அங்கே ஒருத்தர் வீட்டுல சும்மா நாள்ல கொடி பறந்தா பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க அத்தே" என்றாள். கால்பந்துப் போட்டி நடந்தால் மட்டும் ஜன்னலுக்கு ஜன்னல், காருக்குக் கார் இங்கிலாந்தின் செஞ்சிலுவைக் கொடி முளைக்குமாம். பிரிட்டனுக்கென்று ஒரு தேசிய நாளே கிடையாது. ஸ்காட்லாந்துக்கு நவம்பர் 30, வட அயர்லாந்துக்கு மார்ச் 17 என்று விடுமுறை உண்டு. இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் நாளான ஏப்ரல் 23-க்கு அதுகூட இல்லை. 2006-இல் அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுன், நமக்கும் பிரிட்டன் நாள் என்று ஒன்று வேண்டும் என்று பேசினார். அடுத்த ஆண்டு பிரதமரே ஆனார். நாள் மட்டும் வரவில்லை.

இதைக் கேட்டதும், ஆஹா, எவ்வளவு பக்குவமான மக்கள் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். யாரிடமிருந்தும் விடுதலை வாங்க வேண்டியிராத நாட்டுக்கு விடுதலை நாள் எதற்கு? அதோடு, தங்கள் வீட்டு வாசலில் கொடி கட்டக் கூச்சப்படுகிறவர்களின் தாத்தாக்கள், மே 24-ஆம் தேதி எம்பயர் டே என்று சாம்ராஜ்யம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி யூனியன் ஜாக்குக்கு சலாம் போட வைத்தவர்கள். 1958-இல்தான் அதற்குக் காமன்வெல்த் நாள் என்று பெயர் மாற்றினார்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் வழக்கத்தை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

அந்த வெயிலைப் பற்றி நான் பேசலாம். பயிற்சியில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்த்தவள். விருந்தினருக்குப் பந்தல் இருக்கும், அணிவகுக்கும் பிள்ளைக்கு இருக்காது. குளுக்கோஸ் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் நாங்கள் டீச்சர்கள் கைக்காசில் வாங்கி வைப்போம். வராத பிள்ளையின் பெயரை எழுதித் தரச் சொல்வார்கள். வந்த பிள்ளை எதற்காக வந்தது, பற்றினாலா பயத்தினாலா என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. நன்றாகக் கால் தூக்கிய பிள்ளைகளில் பாதிப்பேர் அணிவகுப்பு முடிந்ததும் தரும் இனிப்பையும் ஒரு நாள் பாடமில்லாத சந்தோஷத்தையும் நினைத்துத்தான் தூக்கினார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பத்து வயதில் தேசம் என்பது மிட்டாயும் பாண்டு வாத்தியமுமாக மனசில் பதிந்தால் அதுவும் நல்லதுதான்.

பாடாத பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கேரளத்தில் 1985-இல், யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். வாய் திறந்து பாடவில்லை. தங்கள் மதம் அனுமதிக்காது என்றார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், எழுந்து நின்றதே மரியாதை, பாடியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. திரையரங்கில் கீதம் போட்டே ஆக வேண்டும் என்று 2016-இல் உத்தரவிட்ட அதே நீதிமன்றம் 2018 ஜனவரியில் அது கட்டாயமில்லை என்று இறங்கி வந்தது. இவை நடந்ததால் நாடு ஒன்றும் இளைத்துப்போய்விடவில்லை.

எங்கள் ஊருக்கு இந்தப் பாடம் வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. வில்லியனூர் தாண்டினால் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று, பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் கவுன்சிலர்களுமாக 178 பேர் அந்தச் சின்ன கிராமத்தில் கூடி இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். இணையலாம் என்றவர்கள் 170. கூடாது என்றவர்கள் 8. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விழுந்ததை எண்ணி, இரண்டு எண்ணையும் ஏட்டில் எழுதினார்கள். பதினான்காம் நாள் நிர்வாகம் கைமாறியது.

எனக்கு அந்த 170-ஐ விட எட்டின் மேல் பிரியம் அதிகம் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். காரணத்தைக் கேளுங்கள். 178-க்கு 178 விழுந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? ஊர்ச் சங்கத் தேர்தலில்கூட நூற்றுக்கு நூறு விழுந்தால் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுவோம். எதிர்த்துப் போடவும் வழி இருந்தது, போட்டதையும் எண்ணினார்கள் என்பதால்தான் 170-க்கு மதிப்பு. எங்களைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949-இல் மக்கள் எல்லோரையும் கேட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேல் இந்தியாவுக்கு, 114 பேர் பிரான்சுக்கு. இங்கே மக்களைக் கேட்கவில்லை, அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டுமே கேட்டார்கள். அது ஒரு குறைதான். அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டுவது எட்டு ஓட்டு.

கீழூர் நிகழ்ச்சிக்கு மாணவிகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு தனியாகவும் போயிருக்கிறேன். கொடி ஏறும், தியாகிகளுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், உரைகள் நடக்கும். தியாகிகளின் வரிசை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். 170 என்ற எண் ஒலிபெருக்கியில் வரும். அந்த எட்டுப் பேரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் பெயரை வாசித்து மாலை போடச் சொல்லவில்லை. "இத்தனை பேர் ஆதரித்தார்கள், இத்தனை பேர் எதிர்த்தார்கள், முடிவை ஊர் ஏற்றுக்கொண்டது" என்று முழுக் கணக்கையும் ஒருமுறை வாசியுங்கள் என்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை, "எதுக்கு டீச்சர் எட்டு பேர் வேணாம்னாங்க?" என்று கேட்கும். எந்த அணிவகுப்பும் கற்றுத்தராத ஒரு விஷயத்தை டீச்சர் அன்றைக்குச் சொல்லித்தர வேண்டிவரும்.

பிள்ளைகளுக்கும் ஒரு பந்தல் போடுங்கள். வர விருப்பமுள்ள பள்ளி வரட்டும், பெயர்ப் பட்டியல் வேண்டாம். விளக்கு ஊர்வலம் போகிறவர்கள் போகட்டும். பந்தலுக்குத்தான் செலவு பிடிக்கும். 170 ஆதரவு, 8 எதிர்ப்பு என்று கீழூர் அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தால் அச்சகக்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார்.