துணியில் எழுந்த கோயில்

பாரீசில் கார்னவாலே அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. ரொகோக்கோ காலத்தைச் சேர்ந்தது. பியேர் அந்துவான் தெமாஷி என்பவர் வரைந்தார். 1764 செப்டம்பர் 6ஆம் தேதி, பதினைந்தாம் லூயி மன்னர் அர்ச். ஜெனவியேவ் அம்மாளின் புதுக் கோயிலுக்கு அடிக்கல் வைத்த விழாவைக் காட்டுகிறது. திரண்ட கூட்டம். எதிரே பெரிய பெரிய தூண்களோடு கோயில் முகப்பு.

அடிக்கல் வைக்கிற நாளில் முகப்பு எங்கிருந்து வந்தது? அத்தனையும் துணி! சூஃப்ளோ என்ற கட்டடக் கலைஞர் கட்டப்போகும் கோயிலின் முகப்பை, உண்மையான அளவிலேயே துணியில் எழுதி நிறுத்தியிருந்தார்கள். அதை எழுதியவர்களில் இதே தெமாஷியும் ஒருவர்.

1744இல் மெட்ஸ் நகரில் சாகக் கிடந்த மன்னர், பிழைத்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அடிக்கல் வைக்கவே 20 ஆண்டுகள் ஆயின. செலவுக்கு லாட்டரிப் பணம். 1774இல் மன்னர் இறந்தார், 1780இல் சூஃப்ளோவும் போய்ச் சேர்ந்தார். வேலை முடிந்தது 1790இல். மறு ஆண்டே புரட்சி அரசு அதைக் கோயிலாக வைக்காமல், நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தெயோன் ஆக்கிவிட்டது. வொல்தேர் அங்கேதான் இருக்கிறார்.

எழுத்தராக இருந்த காலத்தில் அடிக்கல் விழாக்களுக்கு நானும் கோப்பு எழுதியிருக்கிறேன். பந்தல், மாலை, கரண்டி, கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற தகராறு, எல்லாம் பார்த்தாயிற்று. கல் மட்டும் நின்று, சுற்றிலும் முள் மண்டிய இடங்களையும் பார்த்தாயிற்று.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலர் அறியக் கொடுத்த வாக்குக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தத் துணி முகப்பும் ஏமாற்று வேலை இல்லை. வரப்போவது இவ்வளவு பெரிது என்று ஜனங்களுக்குக் காட்டியது. ஆனால் வாக்கு என்றால் கெடு வேண்டாமா? அடிக்கல் வைத்த தேதிக்குக் கீழே, முடிக்க வேண்டிய தேதியையும் அதே கல்லில் வெட்ட வேண்டும். கட்டி முடித்த மேஸ்திரியின் பெயருக்கும் ஒரு வரி இடம் விட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, உளி இருந்தால் போதும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னர் அங்கே கல் வைத்த நாளில் நம் ஊர் இடிபாடாகக் கிடந்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது நம் சம்பா கோயிலும் போயிற்று. 1765இல்தான் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இன்று நாம் பார்க்கிற சம்பா கோயில் எழுந்தது 1791இல். ஆமாம், பாரீஸ் கோயில் பாந்தெயோன் ஆன அதே வருஷம்!

மன்னர் வைத்த கல்லுக்கு ஓவியம் இருக்கிறது. சம்பா கோயிலுக்குச் செங்கல் சுமந்தவர்களை யாரும் படம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்காது.