பச்சைப் படிகளின் சொந்தக்காரர் யார்?

பாலித்தீவுக்கு உல்லாசப் பயணம் சென்று மீள்வோர் எழுதும் கட்டுரைகளிலே ‘இயற்கையின் எழில்’ என்ற சொற்றொடர் தவறாது இடம்பெறுகின்றது. தபானான் மாவட்டத்து ஜாதிலூவியிலே மலைச்சரிவெங்கும் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களைக் கண்டு மெய்மறந்து, இயற்கையன்னையைப் போற்றிவிட்டுத் திரும்புகின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கின்றோம். இயற்கை அங்கே தந்தவை எரிமலைச் சரிவும் மழையும் மட்டுமே. அச்சரிவை வெட்டிப் படியாக்கியவை, படிக்குப் படி வரம்பு கட்டியவை, பாறையைக் குடைந்து நீர் கொணர்ந்தவை மனிதக் கைகள். மண்வெட்டியின் வேலையை மழையின் கணக்கிலே எழுதுவது உழைப்பைத் திருடும் எழுத்தன்றி வேறென்ன?

அந்த உழைப்புக்கு ஓர் அமைப்பும் உண்டு. அதன் பெயர் சுபாக். ஒரே நீர்மூலத்தை நம்பியிருக்கும் கமக்காரர்கள், ஐம்பது பேர் முதல் நானூறு பேர் வரை, ஒரு சங்கமாகக் கூடி நீரைப் பங்கிடுகின்றனர். தீவிலே ஏறத்தாழ 1,200 சங்கங்கள் உண்டு. நம் நாட்டு வட்டவிதானையை ஒத்த தலைவரொருவரை அவர்களே தெரிந்தெடுக்கின்றனர். எப்பொழுது விதைப்பது, எப்பொழுது வயலைத் தரிசாக விடுவது என்பன நீர்க்கோயில்களிலே கூடித் தீர்மானிக்கப்படுகின்றன. மேல்வயற்காரன் நீரை ஏன் கீழே விடுகிறான்? அறவுணர்வினால் மட்டுமன்று. அயல் வயல்களெல்லாம் ஒருசேரத் தரிசாகக் கிடந்தாலொழிய எலியும் தத்தியும் ஒழியா; கீழ்வயற்காரனின் ஒத்துழைப்பு மேல்வயற்காரனுக்கும் வேண்டும். சாம்பிராணிப் புகைக்குள்ளே மறைந்திருந்தது ஒரு கூட்டுறவுக் கணக்கு.

எழுபதுகளிலே இந்தோனேசிய அரசும் அதன் நிபுணரும் இக்கணக்கைக் காணவில்லை. கோயில் நாட்காட்டியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். புதிய நெல்லினத்தை இயன்றவரை இடைவிடாது பயிரிடுமாறு ஏவினர். நீர் முறை குலைந்தது, பூச்சி பெருகியது, பூச்சிகொல்லி தெளிக்கப்பட்டது, பூச்சி மேலும் பெருகியது. 1979இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நீர்ப்பாசனத் திட்டமும் வந்து சேர்ந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலறிஞர் பின்னாளில் கணினி கொண்டு ஆராய்ந்து, கமக்காரரின் பழைய முறையே விளைச்சலுக்கு உகந்தது எனக் காட்டினார். கோயிலுக்காக நாம் வழக்காடவில்லை. கமக்காரனிடம் கேளாமலே கமத்தைத் திருத்தப் புறப்பட்ட மேதாவித்தனமே நமது வழக்கு.

இதனாற் பாலியைப் பொற்காலக் கிராமமென எண்ணிவிடலாகாது. பயணக் கையேடுகள் செய்யும் இரண்டாவது பொய் அதுவே. நீரைப் பங்கிட்ட அத்தீவிலே நிலம் பங்கிடப்படவில்லை. 1960இல் வந்த நிலச் சட்டத்தையும் வாரப்பயிர்ச் சட்டத்தையும் நம்பி, நிலமற்றோர் தம் பங்கைக் கேட்டனர். 1965ஆம் ஆண்டின் இறுதியிலும் 1966இன் தொடக்கத்திலும் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்தம் உழவர் சங்கத்தினர் என்றும் குறிவைத்துக் கொல்லப்பட்டோர் பாலியில் மட்டும் எண்பதினாயிரம் பேரளவில் இருப்பர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். இருபதில் ஒருவர்! அதே 1966இல் சானூர்க் கடற்கரையிலே பாலி பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. ‘சாந்தம் தவழும் தீவு’ என்ற விளம்பரத்தைப் படிக்குந்தோறும் இவ்விரு செய்திகளையும் சேர்த்து நினைக்காதவர் வரலாறு படித்தவரல்லர்.

2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பெருமைதான். ஆயின் பட்டியல் நாற்று நடுவதில்லை. ஓர் ஆண்டிலே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் வந்திறங்கும் தீவிலே, வயலுக்குப் பாயவேண்டிய நீரைக் குளியல் தடாகங்களும் கேட்கின்றன. ஒரு குடும்பம் வயலை விற்றால், நெல் பல தலைமுறைகளிலும் ஈட்டித் தராத பணம் ஒரே நாளில் கிடைக்கின்றது. உபுட்டுக்கு அருகே தெகல்லாலாங்கிலே வயலுக்கு மேலாக ஊஞ்சல் கட்டி, ஆடிப் படமெடுப்போரிடம் கட்டணம் பெறுகின்றனர். இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் ‘இரசிகர்’ பலரை நாம் அறிவோம். அவர்கள் சுளிப்பு நமக்கு வியப்பளிக்கின்றது. பார்ப்பவன் இலவசமாகப் பார்க்க, காட்சியை ஆக்குபவன் பண்பாட்டைக் காத்துக்கொண்டு பசித்திருக்க வேண்டுமா?

2025 டிசம்பரில் ஜாதிலூவியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வயல் நிலத்திலே விதிக்கு மாறாக எழுந்தவை எனச் சில உணவுக்கடைகளையும் பிற கட்டடங்களையும் அதிகாரிகள் மூடி முத்திரையிட்டனர். உடனே அவ்வூரார் தம் வயல்களிலே தகரங்களை நட்டு நிறுத்தினர். வெயிலிலே தகரம் மின்னிற்று. படமெடுக்க வந்தோர் திகைத்தனர். மேடைப் பேச்சு ஆயிரம் உணர்த்தாததை அத்தகரங்கள் உணர்த்தின: காட்சி எங்களுடையது, அதை எங்களால் மறைக்கவும் முடியும்.

வயலிலே கட்டடம் எழுப்புவதை நாம் ஆதரிக்கின்றோமா? இல்லை. சீமெந்து விழுந்த வயல் மீண்டும் வயலாவது அரிது. ஆனால் ‘பச்சையாகவே வைத்திரு’ என்று கமக்காரனுக்குக் கட்டளையிடும் சட்டம், பச்சைக்கு விலை என்ன, அதை யார் கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதவேண்டும். 2024 பெப்ரவரி முதல் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியிடமும் 150,000 ரூபியா அறவிடப்படுகின்றது. பண்பாட்டையும் சூழலையும் காப்பதற்கே என்கின்றனர். அப்படியாயின் அப்பணத்தில் ஒரு பங்கு, யாருடைய தயவுமின்றி, உரிமையாகச் சுபாக் சங்கங்களின் கையிருப்பைச் சேரட்டும். நெல் விளையும் நிலத்துக்கு, ஹோட்டல் மனையின் மதிப்பை வைத்து வரி கணக்கிடுவது ஒழியட்டும். நுழைவுச்சீட்டின் கணக்கு வயலுடையவர், வாரத்துக்கு உழுபவர் இருசாரார் முன்னும் வாசிக்கப்படட்டும்.

போக விரும்புவோர் போகட்டும், நாம் தடுக்கவில்லை. வரம்பிலே ஏறிக் குதியாமல் நடந்து, அவ்வூர்ச் சிவப்பரிசிச் சோற்றை அவ்வூராரிடமே காசு கொடுத்து உண்டு, குனிந்து நாற்று நடுபவளைப் படமெடுக்கு முன்னர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கட்டும்.