தாங்கு எண்டு சொல்லாதீங்கோ

"சேர், கால் நோகுது."

"ஓடு பிள்ளை, சூடேறினாச் சரியாப் போகும்."

முதலாம் தவணையில எங்கட பள்ளிக்கூட மைதானங்கள் எதிலயாவது நிண்டு பாருங்கோ, இந்த இரண்டு வரியும் காதில விழும். சொல்றவர் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில குளுக்கோசும் தோடம்பழமும் வாங்கிக் குடுக்கிற மனிசன். ஆனால் அவர் சொல்றது பிழை. சிலவேளை எலும்பு முறியிற அளவுக்குப் பிழை.

விழுந்து எலும்பு முறியிறது எல்லாருக்கும் தெரியும். விழாமலே முறியிறது ஒண்டு இருக்கு. ஸ்ட்ரெஸ் பிரக்சர் என்பார்கள். தகைப்பு முறிவு எண்டால் பௌதிகவியல் படிச்ச ஆக்களுக்குக் கெதியா விளங்கும். எலும்பு உயிருள்ள சாமான். திடீரென்று சுமை கூடினால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகப் போட்டு நிரப்பும். கரைக்கிறது சில வாரத்தில முடியும். நிரப்ப மாதங்கள் எடுக்கும். ஆகவே புதிதாக ஓடத் தொடங்கிய முதல் வாரங்களில் உங்கள் எலும்பு முன்னர் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கலாம். அந்த இடைவெளியில ஓய்வில்லாமல் ஓடினால் மயிரிழை போல வெடிப்பு விழும். 1855 இல் பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவதை எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. அந்தச் சிப்பாய்களையாவது நடக்கச் சொன்னது இராணுவம்.

இனி எங்கட நாட்காட்டியைப் பாருங்கோ. வருசம் முழுக்க ரியூசன் வாங்கிலில இருக்கிற பிள்ளை. தவணை தொடங்கினதும் இல்ல விளையாட்டுப் போட்டி எண்டு அறிவிப்பு வரும். அடுத்த நாளே தார் றோட்டில மரதன் பயிற்சி. (மரதன் எண்டு பேர்தான், தூரம் சில கிலோமீற்றர்.) காலில போன வருசத்துத் தேய்ஞ்ச சப்பாத்து, இல்லாட்டி வெறுங்கால். மூண்டு நாலு வாரம் விடாமல் ஓட வைத்து, எலும்பு ஆகப் பலவீனமாக இருக்கிற நேரம் பார்த்துப் போட்டியை வைக்கிறம். முறிக்க வேணும் எண்டு திட்டம் போட்டாலும் இதைவிடத் திறமாப் போட ஏலாது. வேலைக்குப் போகத் தொடங்கி, வண்டி வைத்து, திடீரென்று ஒரு நாள் போனில செயலி இறக்கி மூண்டு கிழமையில 10 கிலோமீற்றர் ஓடிக் காட்டுற எங்கட வயசு ஆக்களும் செய்யிறது இதைத்தான்.

நோவிலயும் வித்தியாசம் இருக்கு. கணைக்கால் எலும்பின் உள்பக்கம் நீளத்துக்குப் பரவி நோவது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியிருக்கிற இழையங்களின் அழற்சி. ஒரு விரல் நுனியால் "இந்த இடந்தான்" என்று தொட்டுக் காட்டக்கூடிய நோ, ஓட ஓடக் கூடுகிற நோ, இரவில் படுத்தாலும் விடாத நோ வேறு சாதி. தொடை மடிப்புக்குள்ள நோவது இன்னும் பயங்கரம். தொடையெலும்பின் கழுத்து வெடித்திருக்கலாம், விலகினால் சத்திரசிகிச்சைதான். இன்னொரு பொறி, முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒண்டும் தெரியாது. எம்.ஆர்.ஐ. தான் காட்டும். "எக்ஸ்ரே நோர்மல்" எண்ட துண்டைக் கொண்டுவந்து மறுநாளே மைதானத்தில இறக்கினால் பொறுப்பு யாருடையது? எண்ணெய் போட்டு உருவி விடுறவர் செய்யிறதும் வெடிப்புக்கு மேல அமத்துறதுதான். சாதாரண வெடிப்பென்றால் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை ஓடாமல் இருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அந்த எட்டுக் கிழமையைக் குடுக்க எங்களுக்கு மனமில்லை.

பெண் பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். "மெலிஞ்சாக் கெதியா ஓடலாம்" எண்டு யாராவது சொல்லியிருப்பினம். மத்தியானச் சாப்பாடு இல்லாமல் பயிற்சி, பிறகு ரியூசன், இடையில ஒரு தேத்தண்ணியும் மலிபனும். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு வராவிட்டால் உடம்பு மாதவிடாயை நிறுத்தும். ஈஸ்ட்ரோஜன் குறையும், அதோட எலும்பும் நலியும். ஆண்களிலும் ஓமோன் குறைந்து எலும்பு நலிகிறது, ஆனால் அவர்களுக்கு இப்படியொரு வெளி அடையாளம் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதற்கு ஒரு பெயரே வைத்தது. 2013 இல், 17 வயதில், உலக மெய்வல்லுநர் போட்டியின் 1500 மீற்றர் இறுதியில் ஓடியவர் அமெரிக்காவின் மேரி கேய்ன். மெலியச் சொல்லி வற்புறுத்தியதில் மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019 இல் அவரே வெளியில சொன்னார்.

எங்கட ஊரில ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் ஹோல் எடுத்து, வீடியோ எடுத்து, உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தீத்தி ஊருக்கே சொல்லுறம். இரண்டு வருசம் கழிச்சு அதே பிள்ளைக்கு நாலு மாதம் வராமல் நிண்டால் கேட்க ஒருத்தரும் இல்லை. "விளையாடுற பிள்ளைக்கு அப்பிடித்தான்" எண்டு தாயே சொல்லுவா. அப்பிடித்தான் இல்லை. மூண்டு மாதம் வராவிட்டால் வைத்தியரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும். வாழ்நாளுக்கான எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள்ள சேர்ந்து முடிகிறது. 15 வயதில விட்டதை 40 இல பிடிக்க ஏலாது.

பால் குடிக்கச் சொல்லுவியள். பதின்ம வயதில ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேணும், ஒரு கிளாஸ் பாலில வாறது ஏறக்குறைய 300. 2022 இல பால்மாவுக்கு வரிசையில நிண்ட சனத்துக்கு இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. குரக்கன் புட்டு, முள்ளோட நெத்தலி, எள்ளுருண்டை எல்லாம் இன்னும் வீட்டில இருக்கு. ஆனால் சோறு காணாத வயித்துக்குக் கல்சியக் குளிசை மட்டும் குடுத்து எலும்பைக் காப்பாற்ற முடியாது. முதலில் வயிறு நிரம்ப வேணும்.

"நாங்கள் அந்தக் காலத்தில வெறுங்காலோட ஓடேல்லையோ?" என்பினம். ஓடினீங்கள். உங்களோட ஓடத் தொடங்கி, கால் நோவோட பாதியில விட்டு, "நோஞ்சான்" எண்டு பேர் வாங்கினவையும் இருந்தவை. அவையள் இண்டைக்கு மைதானத்தில இல்லை.

சேர்மாரிட்ட ஒரு கேள்வி. நேரம் குறிக்கிற அந்தக் கொப்பியில இன்னொரு நிரல் போட ஏலாதா, எங்க நோகுது, எத்தனை நாளா எண்டு? மற்றக் கேள்வியைக் கேட்க உங்களுக்குக் கூச்சமெண்டால் ஒரு ரீச்சரை விடுங்கோ. அடுத்த முறை அறிவிப்பை எட்டுக் கிழமைக்கு முதலே ஒட்டுங்கோ, முதல் கிழமை நடக்க மட்டும் விடுங்கோ.