பழைய எண், புது எண்

மயிலாடும்பாறைக்குப் போனது மயில் ஆடுவதைப் பார்க்க. ஆடிக்கொண்டிருந்தது மச்சான்!

“வாங்க மாப்ள! உங்க மருமகன் பண்ணுன வேலையப் பாத்தீங்களா? ராத்திரி பூரா மோட்டார் ஓடி, கிணறு வத்தி, வெறுங்காத்த எறைச்சிருக்கு. காயில் கருகியிருந்தா யாரு கட்டுறது? படிச்சது போதும். நாளையிலருந்து எலவங்காய் பொறுக்கப் போகட்டும்!”

மூல வைகையே வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீர் பாங்க் பாலன்ஸ் மாதிரி. தென்னைக்கு அரை மணி பாய்ச்சிவிட்டு மோட்டார் தானே நிற்க, பாலிடெக்னிக் படிக்கும் மருமகன் ஒரு பெட்டி செய்திருந்தான். ஒரு வருஷம் சமர்த்தாக இருந்தது. போன மாதம் ஓர் இடி. உள்ளே இருந்த 89சி51 சிப் சிவலோகப் பதவி அடைந்தது.

கடையில் 89எஸ்52 கொடுத்தார்கள். அதே 40 கால். 4 கேபி மெமரிக்குப் பதில் 8. இரண்டு டைமருக்குப் பதில் மூன்று. புதுசைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? டைமர் 0-வை விட்டுவிட்டு, டைமர் 2-ஐ வைத்து நேரம் எண்ண வைத்தான். மற்றதெல்லாம் பழைய ப்ரோக்ராம்தான்.

நான் பி.காம். அசெம்பிளி என்றால் எனக்குச் சட்டசபைதான். இருந்தாலும் மச்சான் முன்னால் மானம் போகக் கூடாதே! “லெட்ஜரைக் காட்டு” என்றேன். லிஸ்ட் ஃபைலைத் திறந்தான். இடது ஓரத்தில் முகவரி, பக்கத்தில் பதிவு. அட, ஃபோலியோ நம்பர் போட்ட பேரேடு!

விஷயம் இதுதான். 1980-ல் இன்டெல் கொண்டுவந்த 8051 குடும்பத்தில், ஒவ்வொரு இன்டர்ரப்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. டைமர் 0 தட்டினால் 000பி. டைமர் 1-க்கு 001பி. 52-ல் புதிதாக வந்த டைமர் 2-க்கு 002பி. அந்தந்தக் கதவில் ‘இன்ன இடத்துக்குப் போ’ என்று எழுதி வைப்பது நம் பொறுப்பு. எந்தக் கதவு என்று சொல்வதற்குத்தான் ‘ஆர்க்’ என்ற வரி. பையன் பழைய ‘ஆர்க் 000பி’யை அப்படியே விட்டிருந்தான்.

“002பி-ல என்னடா இருக்கு?”

“ஒண்ணுமில்ல மாமா. காலி.”

காலிமனை என்றைக்குச் சும்மா இருந்தது? எழுதாத ஃப்ளாஷ் மெமரியில் எஃப்எஃப் என்று இருக்கும். இந்தச் சிப்புக்கு அதுவும் ஓர் உத்தரவு: ‘ஏ-யில் இருப்பதை ஆர்7-ல் போடு.’ அதை ஐந்து முறை செய்துவிட்டு, அடுத்த வீடான 0030-க்குள் நுழைகிறது. அங்கே மெயின் ப்ரோக்ராம்! ‘மோட்டாரைப் போடு, முதலிலிருந்து எண்ணு.’ இன்டர்ரப்ட் முடிந்தது என்று யாரும் சொல்லாததால், டைமர் அடுத்தடுத்துத் தட்டுவதைச் சிப் காதிலேயே வாங்காது. மோட்டார் எப்படி நிற்கும்?

‘ஆர்க் 002பி’ என்று மாற்றினான். மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டிச் சோதித்தோம். எரிந்தது தெரிவதற்குள் அணைந்தது. அரை மணி நேரம் ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டது!

மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

மறுபடி மேனுவல். டைமர் 0 தூக்கும் கொடியைச் சிப்பே இறக்கிவிடும். டைமர் 2-ன் டிஎஃப்2 கொடியை நாம்தான் இறக்க வேண்டுமாம். இறக்காவிட்டால் தட்டிக்கொண்டே இருக்கும். ‘சிஎல்ஆர் டிஎஃப்2’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தான்.

மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சரியாக அரை மணியில் பல்பு அணைந்தது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகை எதுவும் இல்லை.

“எலவங்காய்க்கு வேற ஆள் பாத்துக்கலாம்” என்றபடி மச்சான் எழுந்து போனார்.

சென்னையில் என் வீட்டுக் கதவில் பழைய எண் 14, புது எண் 31. கூரியர் இன்னமும் பக்கத்துத் தெரு 14-க்குத்தான் போகிறது. அதற்கு ‘ஆர்க்’ போட யாரைப் பிடிப்பது?